விறகு அடுப்புக்கு வந்த சக்களத்தி

நியூஜெர்சி என்றால் எங்கள் ஆட்களுக்கு எடிசனும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான். இட்லி மாவு கிடைக்கிற கடையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போய், வடமேற்கு மலைப்பக்கம் யாரும் வீடு வாங்குவதில்லை. என் கணவர் வாங்கினார். கூடத்தில் இருந்த பெரிய இரும்பு விறகு அடுப்பைப் பார்த்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். சமையலறையை எட்டிப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தத் தெருவுக்கு கேஸ் லைன் கிடையாது. அடித்தளத்தில் இருந்த பழைய ஆயில் ஹீட்டர் மனசு வந்தால் எரியும்.

அவர் மதுரை டவுன்காரர். பிறந்தது முதல் கேஸ் அடுப்பைத் தவிர வேறு அடுப்பு இருந்த வீட்டில் வாழ்ந்ததில்லை. நான் ஈரோட்டுப் பக்கம். விறகுப் புகையில் கண் எரிய எரிய வீட்டுப்பாடம் எழுதியவள். எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் வந்த நாளை ஒரு கல்யாணம் போல ஞாபகம் வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி, அமெரிக்காவில் வீடு வாங்கி, மறுபடியும் புகையின் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

அவர் வீடியோ பார்த்து விறகு பிளக்கக் கற்றார். கோடாரி வந்தது, கட்டம் போட்ட கம்பளிச் சட்டை வந்தது, தாடியும் வந்தது. வாரக்கடைசியில் எடிசன் நண்பர்கள் வந்து கோடாரியைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை காலையில் நெருப்பு அணைந்து சாம்பலாகிக் கிடக்கும். மகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பல் தேய்ப்பாள். நெருப்பு எரியும்போதோ கூடத்தில் வேர்க்கும்; படுக்கையறையில் மூச்சு ஆவியாகத் தெரியும்.

"இதுதான் நேச்சுரல் ஹீட். உடம்புக்கு நல்லது" என்பார்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், அப்படியே ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. கோவிலில் விசாரித்தவர்களிடமெல்லாம் பெரிய மேப்பிள் கட்டை ஒன்றைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று சொன்னார். ஒவ்வொரு வாரமும் அந்தக் கட்டை கொஞ்சம் பருத்தது.

தூக்கக் கூடாது, குனியக் கூடாது, திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விறகு அடுப்புக்கு இந்த மூன்றையும் தவிர வேறு எதுவும் தேவையில்லை. ஆகவே ஆபீஸ் மீட்டிங்குக்கு முன்னால் விறகுக் கொட்டகைக்கும் கூடத்துக்கும் நான் நடந்தேன். ஒருநாள் கேமராவில் என் மேனேஜர், தலைமுடியில் ஏதோ இலை இருக்கிறது என்றார். இலை இல்லை, மரப்பட்டை. அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

"பெல்லட் ஸ்டவ் ஒண்ணு வச்சிரலாங்க. பட்டனை அழுத்தினா எரியும். தெர்மோஸ்டாட் இருக்கு."

சோபாவில் படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "கரண்ட் இல்லாம எரியாத நெருப்பெல்லாம் ஒரு நெருப்பா? அது மைக்ரோவேவ்."

"நீங்க எந்திரிச்சு விறகு போடற வரைக்கும் மைக்ரோவேவ் இருக்கட்டும்."

டவுன்ஷிப்பில் பெர்மிட் வாங்கி, பொருத்துகிற ஆள் வந்தபோது, கணவர் கடைசி நம்பிக்கையோடு கேட்டார்: இருக்கிற புகைபோக்கியிலேயே இதையும் சேர்க்கத்தானே வேண்டும், அது முடியாதல்லவா? முடியாதுதான் என்றார் வந்தவர். இதற்குத் தனிக் குழாய், சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு ஓட்டை போட்டால் போதும். மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சித் துண்டு. மூட்டை மூட்டையாக கராஜில் வந்து இறங்கியது. வீடியோ காலில் அப்பாவுக்கு ஒரு கை அள்ளிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"மாட்டுத் தீவனமாட்ட இருக்குதே. மாடு வாங்கீட்டீங்களா கண்ணு? ஒரு வார்த்தை சொல்லவே இல்ல?"

"மாடு இல்லீங்கப்பா, அடுப்புக்கு."

"அடுப்புக்கா? நீ கெமிக்கல் இன்ஜினியரிங்தானே படிச்சே?" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புது அடுப்பு தன் பாட்டுக்கு எரிந்தது. மேலே தொட்டியில் கொட்டினால், உள்ளே இருக்கும் திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பில் தள்ளும். ஃபேன் சூட்டை அறைக்குள் ஊதும். "அம்மா, இட் ஹாஸ் எ ரிமோட்!" என்று மகள் புத்தகங்களோடு சாப்பாட்டு அறைக்குக் குடிபெயர்ந்தாள். நான் லேப்டாப்போடு போனேன். கணவர் மட்டும் கூடத்தில், எரியாத விறகு அடுப்புக்கு எதிரே போர்வையோடு கிடந்தார்.

சில நாள் கழித்து "என்ன சத்தம் அது?" என்று வந்து பார்த்தார். மறுநாள் சத்தமே இல்லாதபோதும் வந்தார். அப்புறம் ஒரு சின்ன வாளியில் பெல்லட் அள்ளிக் கொட்டுவதைப் பார்த்தேன். அந்த வாளி டாக்டர் அனுமதித்த எடைக்குள் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த வீட்டில் செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது. நான் பார்க்காதது போல் நகர்ந்துவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் அவர் நிபுணர். "இது ஓக், சாம்பல் கம்மி. அது பைன், சூடு ஜாஸ்தி. இனிமே மிக்ஸ் பண்ணிப் போடணும்" என்று எனக்கு வகுப்பெடுத்தார். அடுப்பின் கண்ணாடிக் கதவைத் தினமும் துடைத்தார். எங்கள் காரை அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பனிமழை. கிளைகளிலும் கம்பிகளிலும் கண்ணாடி போல ஐஸ் கட்டியது. எங்கேயோ ஒரு மரம் முறிந்த சத்தம், கரண்ட் போய்விட்டது. பெல்லட் அடுப்பின் ஃபேன் மெல்ல இளைத்து நின்றது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார் என்று நினைத்துக் காதைத் தயார் செய்துகொண்டேன். அவரோ எழுந்து போய், அடுப்பின் தலைமேல் கை வைத்து, "பாவம்" என்றார்.

விறகு அடுப்பை மூட்ட வேண்டியது நான். அவர் சோபாவிலிருந்து வழிநடத்தினார்.

"பெரிய கட்டையைக் கீழ வை. சின்னதை மேல. டாம்பரைப் பாதி திற."

அப்படியே செய்தேன். வீடு முழுக்கப் புகை. மகள் ஜன்னலைத் திறந்தாள். இருந்த கொஞ்ச சூடும் போனது.

"கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?" என்றேன். புகைபோக்கியின் மூடியான அந்த டாம்பரை முழுசாகத் திறந்து, பேப்பரைக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயில் காட்டினேன். கொட்டகையின் உள்மூலையில் காய்ந்து கிடந்த சுள்ளிகளாகப் பொறுக்கி வந்தேன். ஈரோட்டில் வெறுத்து வெறுத்துப் பார்த்ததெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. நெருப்பு ஒரு மூச்சு வாங்கி, மேலே ஏறியது.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மாள் கதவைத் தட்டினார். அவர் வீட்டில் எல்லாமே கரண்ட். போர்வை சுற்றி உட்கார்ந்தவர், அடுப்பின் மேல் நான் ரசம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னார்: நீங்கள் ரொம்ப அழகாக நெருப்பு மூட்டுகிறீர்கள்.

"தேங்க் யூ" என்றார் இவர்.

கரி படிந்த கையோடு நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஆக்சுவலி, மை மாம் டிட் இட்" என்றாள் மகள். அதற்குப் பிறகு நீதி, நேர்மை பற்றியெல்லாம் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

கரண்ட் வர இரண்டு நாளானது. நான்கு பேரும் கூடத்திலேயே படுத்து, ரசம் சாதமே சாப்பிட்டோம். அந்த அம்மாள் இரண்டாவது டம்ளர் ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக, பெல்லட் அடுப்புக்கு ஒரு பேட்டரியும் இன்வர்ட்டரும் வாங்கினேன். "அமெரிக்கால இன்வர்ட்டரா?" என்று கணவர் கூசினார். அப்பாவுக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "அங்கயும் கரண்ட் போகுதா கண்ணு?" என்று மறுபடி மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இருப்பு விறகு தீர்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை, யாரும் பார்க்காத நேரமாகக் கோடாரியை எடுத்தேன். முதல் வெட்டு கட்டையில் சிக்கிக்கொண்டது. காலால் மிதித்துப் பிடுங்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ வெட்டில் கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. அந்த வாரம் ஆபீஸில் எனக்கு வந்த ஈமெயில்களை நினைத்துக்கொண்டு அடுத்த கட்டையை நிறுத்தினேன். இப்போது சனிக்கிழமை காலை என்னுடையது. கூடத்து அடுப்பும் என்னுடையது. சாப்பாட்டு அறை அடுப்பு அவருடையது. அதில் நான் கை வைத்தால் அவருக்குப் பிடிப்பதில்லை.

போன வாரம் டாக்டரிடம் போனோம். முதுகு நன்றாகிவிட்டது, இனி எதை வேண்டுமானாலும் தூக்கலாம் என்றார் டாக்டர். காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைப் போட்டபடி கணவர் சொன்னார்:

"இன்னும் ஒரு வருஷமாவது வெயிட் தூக்காம கேர்ஃபுல்லா இருக்கச் சொல்றார், கேட்டியா?"

நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாங்க, கேட்டேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.