அட்டைக்கு அடியில் எங்கள் வீடு

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் தெருவுக்குக் காவேரி வரும். பெங்களூரில் இந்த அடுகோடியில் குழாய்த் தண்ணீருக்கு அதுதான் பெயர். மற்ற நாட்களில் வருவது போர்வெல் தண்ணீர்; அதில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், புகைப்படம் கழுவ முடியாது. காய்ந்ததும் தாளில் சுண்ணாம்புத் திட்டு விழுந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுகிறவனுக்குத் தாளில் ஏறிய மருந்து முழுக்கப் போகும்வரை ஓடுகிற நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் அந்த இரண்டு காலைகளிலும் வீட்டுக்காரம்மா என் குளியலறைக் கதவைத் தட்டுவார். "ஏன்ரீ, காவேரி நீரல்லி போட்டோ தொளீத்தீரா?" காவேரித் தண்ணீரில் போட்டோ கழுவுகிறீர்களா என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. ஒரு நாள், "நிம்மூரோரு நீரு கேளோது இதக்கேனா?" என்று சேர்த்துக்கொண்டார். உங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீர் கேட்பது இதற்குத்தானா! எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த படத்தின் மூலை மடங்கிப்போனது.

என் ஊர் எது என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. கோலார் தங்கவயல். இதே கர்நாடகத்தில்தான் இருக்கிறது. ரயிலேறினால் சட்டை கசங்குவதற்குள் போய்ச் சேரலாம். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன கூட்டத்தின் மூன்றாம் தலைமுறை நான். இதைச் சொன்னால் இங்கே, "ஓ, தமிழா?" என்கிறார்கள். வேலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால், "கன்னடக்காரரு வந்துட்டாரு, எடம் வுடுங்க" என்று கிண்டல். தொண்ணூற்றொன்றில் காவேரித் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலவரம் நடந்தபோது, வேலை முடிந்து பொம்மசந்திராவிலிருந்து அடுகோடி வரும்வரை பஸ்ஸில் வாயே திறக்காமல் வந்தேன். கண்டக்டரிடம் விரலால் திசை காட்டி டிக்கெட் வாங்கினேன். ஊமை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லக்கூடப் பயம். சொந்த மண்ணில் இருப்பவர்களுக்குப் புலம்பெயர்ந்த அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்ட பத்திரிகை நண்பரே, என் சொந்த மண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதுவரை இந்தப் படத்தின் கதையைக் கேளுங்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் பொம்மசந்திராத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் படமெடுக்கிறேன். ஆசைக்கு எடுப்பது நிலம். பாறை, ஏரி, வெயில், வெறும் வெளி. அதில் உருப்படியான ஒரே படம் எங்கள் ஊர் சைனைடு மேடு. தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை, சைனைடு கலந்த மண்ணை, காலங்காலமாகக் கொட்டிக் கொட்டி உண்டான மலை அது. புல் முளைக்காது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து சோற்றில் விழும், கண்ணில் விழும், காயப்போட்ட துணியில் விழும். அம்மா மேட்டைப் பார்த்து, "நாசமாப் போற மேடு" என்று திட்டிவிட்டு, துவைத்ததையே மறுபடி துவைப்பாள். ஆனால் சாய்ந்த வெயிலில் அதைப் பார்க்க வேண்டும்! மழை அரித்த கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அப்படி ஒரு மாலையில் எடுத்தேன். படத்தில் பெரும்பகுதி மேடு; அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு, சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளின் தகரக் கூரை வரிசை. கடைசி வீடு எங்களுடையது. வாசல் கம்பியில் அம்மாவின் புடவை காய்கிறது. அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள்.

கண்காட்சிக்கு இடம் கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்து இந்திரா நகரில் கேலரி நடத்தும் ஒரு மேடம். தமிழர்தான். முதல் சந்திப்பிலேயே, "உங்க தமிழ் ஏன் இப்படி இருக்கு?" என்று சிரித்தவர். படங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், ஃபிரேம் போடுவது அவர்கள் பொறுப்பு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய தடித்த வெள்ளை அட்டை ஒன்று வைப்பார்கள். அழகுக்கு மட்டுமல்ல, தாள் கண்ணாடியைத் தொடாமல் காப்பதே அந்த அட்டைதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். "நம்ம வூடு தெரியுது நைனா, அம்மா பொடவ கூடத் தெரியுது" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். தங்கத்துக்காகப் பாறை அரைக்கும் மில்லில் வேலை பார்த்து, நெஞ்சில் இழுப்போடு ஓய்வு பெற்றவர். சுரங்கத்தையே மூடப் போகிறார்கள், லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். இதற்குமுன் அவர் என் படம் எதையும் பார்க்க வந்ததில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் லைன் முழுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவையும் இழுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார்.

கேலரிக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அந்த அட்டைதான். மேட்டின் அடிவாரத்தோடு ஜன்னல் முடிந்திருந்தது. வீடுகள் இல்லை. கீழே ஆங்கிலத்தில் 'மௌனம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரும் இல்லை. படத்தின்முன் நின்ற ஒரு தம்பதி, "ராஜஸ்தானா, லடாக்கா?" என்று என்னையே கேட்டார்கள்.

"கே.ஜி.எஃப். சைனைடு மேடு."

"பியூட்டிஃபுல்!" என்றாள் அந்தப் பெண். சைனைடு என்ற சொல் அவள் காதில் ஏறவே இல்லை.

நைனா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார்.

"இன்னாடா, மேடு மட்டும்தான் கீது? வூடு எங்க?"

அந்தோணி மாமா, "கண்ணு தெரியலயா உனுக்கு? நல்லாப் பாரு" என்றார்.

"நல்லாத்தான்யா பாக்கறேன்." பிறகு நைனா மேட்டின் வலது ஓரத்தில் விரலை வைத்து, கண்ணாடிமேல் மெதுவாக இறக்கிக்கொண்டே வந்து, வெறும் அட்டைமேல் நிறுத்தினார். "இங்கதான் வரணும். தோ, இது நம்ம வூடு. இது உன் வூடு அந்தோணி." பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணிடமும் திரும்பி, "இங்கதாம்மா எங்க வூடு" என்றார். அவள் வெள்ளை அட்டையைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துபோனாள். என் அப்பனைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போகிறாள்!

நேரே மேடத்திடம் போனேன். "கீழ வீடுங்க இருந்துதே, ஏன் மூடினீங்க?"

"அந்தத் தகரமா? அது கண்ண உறுத்துது சார். மேல எவ்ளோ ப்யூரா இருக்கு! கீழ ஸ்லம் மாதிரி... யாரு வீட்டுல மாட்டுவாங்க, சொல்லுங்க?"

"அது எங்க வீடு."

அவர் முகம் சட்டென்று மாறியது. "சாரி. எனக்குத் தெரியாது. ஆனா பாக்கறவங்களுக்கும் அது தெரியாதே?"

தெரியட்டும் என்று திரும்பி வந்து ஃபிரேமை இறக்கினேன். தரையில் கவிழ்த்துப் போட்டு, முதுகிலிருந்த டேப்பைக் கிழித்து, வீட்டுச் சாவியால் ஆணிகளை நெம்பி, அட்டையை உருவி எறிந்தேன். கண்ணாடிக்கு நேராகத் தாளை வைத்து மூடினேன். செய்யவே கூடாத வேலை. அச்சிடப் பழகத் தொடங்கியவனுக்கும் அது தெரியும். ஆத்திரம் வந்தால் எது தெரிகிறது? மறுபடி சுவரில் மாட்டினேன். அடியில் தகரக் கூரைகள் வரிசையாக வந்துவிட்டன. கடைசி வாசலில் புடவை, நகத்தளவு வெள்ளையாக.

நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு விசிலடித்தது. அவர் என் முதுகைத் தட்டப் போகிறார் என்று வெட்கமில்லாமல் காத்திருந்தேன்.

"பொடவ நல்லாத் தெரியுது" என்றார். பிறகு குனிந்து, நான் வீசிய அட்டையை எடுத்து என்னிடமே நீட்டினார். "இத்த மேல வெச்சி அந்த மேட்ட மூடிடு."

"நைனா, படமே அதான்."

"உனுக்கு அதான். உங்கம்மா சாவற வரிக்கும் அத்தத் திட்னா. அத்த எதுக்குடா அவ தலமேல மாட்டி வெச்சிகினு கீற? மூடுடா."

மேடம் தூரத்திலிருந்தே, "தயவுசெஞ்சு அத எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருவரையும் ரயிலேற்றிவிட்டு, ஃபிரேமை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன், யாரை என்று எனக்கே தெரியவில்லை. வீட்டை மூடியவர் என் மொழிக்காரர். மேட்டை மூடச் சொன்னவர் என் அப்பா. முழுப் படமும் வேண்டும் என்று கேட்ட ஒரு ஆளை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அந்த வீம்பில் அட்டையே போடாமல் அப்படியே அடுகோடி வீட்டுச் சுவரில் மாட்டினேன். பெரிய ஜன்னலாக வெட்டி வேறு அட்டை போட்டிருக்கலாம். எவனுக்கு வேண்டும் அட்டை என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடித்தது. என்ன ஆகும் என்று தெரியுமோ அதுவே ஆனது. தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மேடும் ஒட்டிக்கொண்டது, வீடும் ஒட்டிக்கொண்டது. உரித்தால் இரண்டும் சேர்ந்துதான் கிழியும். நெகடிவ் இருக்கிறதே, இன்னொன்று போட்டுக்கொள் என்கிறார்கள். நைனா பார்த்த படம் இது. இன்னொன்று எனக்கு வேண்டாம்.

நல்ல தண்ணீரில் நாள் முழுக்க ஊறப்போட்டால் மெல்ல விடும் என்று தொழில் தெரிந்த ஒருவர் சொன்னார். போன வெள்ளிக்கிழமை கண்ணாடியோடு அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இவத்தூ போட்டோனா?"

இன்றைக்கும் போட்டோவா என்று கேட்கிறார். "அல்லம்மா, பட்டே" என்று கன்னடத்தில் பொய் சொன்னேன். இல்லை, துணி. முழுப் பொய்யும் அல்ல, அதற்குள் ஒரு புடவை இருக்கிறது. அவர் உள்ளே போனதும் தொட்டியில் இறக்கிக் குழாயைத் திறந்துவிட்டேன். காவேரி மேட்டின்மேலும் கூரைகளின்மேலும் ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி போய் மூலையை விரலால் நெருடிப் பார்த்தேன். சாயங்காலம் குழாய் நின்றபோதும் படம் கண்ணாடியை விடவில்லை.