பேயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், வவுனியாவில் போட்டிருந்த காணிவேல் களியாட்டத்தில் இது நடந்தது. நெளுக்குளத்தில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், நான்கு வயது மகன். நாங்கள் நாயாற்றுப் பக்கத்து ஆட்கள். கடலோடு சேர்ந்த களப்பில் இறால் பிடிப்பதுதான் என் தொழில்.

எங்கள் பிள்ளைகள் அதுவரை கண்டதெல்லாம் மாதா கோயில் திருநாளுக்கு வரும் சின்ன ராட்டினம் மட்டும்தான். இங்கேயோ வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சக்கரம், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மரணக் கிணறு, ஊஞ்சல் கப்பல், காதைப் பிளக்கும் பாட்டு. மகன் என் தோளில் இருந்தபடி குதித்த குதியில் என் கழுத்து ஒரு பக்கம் திரும்பிவிட்டது. எனக்கும் அவனளவு சந்தோசம்தான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கறுப்புத் துணியும் தகரமுமாக அடைத்த ஒரு பெரிய கூடாரம். வாசலில் பல்லை இளிக்கும் மண்டையோட்டுப் படம். மேலே 'பேய் வீடு' என்று எழுதியிருந்தது.

அவள் ஏன் நின்றாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விடியப்புறம் வலை எடுக்கப் போகும்போது தானும் தோணியில் வரவேண்டும் என்று ஒரு வருசமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்.

"பிள்ளை இருட்டைக் கண்டால் கத்திற ஆள். களப்பில கத்தினா இறாலெல்லாம் ஓடீடும்."

அன்றைக்கு அவள் மண்டையோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ள கத்தாமல் போய் வந்தா என்னைத் தோணியில ஏத்துவீங்களோ?"

ரிக்கெட் கொடுக்கிறவர் காதில் அது விழுந்துவிட்டது. "ஓமெண்டு சொல்லுங்கோ அண்ணை. இதுக்குள்ள போய்க் கத்தாமல் வந்த ஆக்களை நான் இன்னும் காணேல்லை" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். மகன் சின்னவன் என்பதால் மனைவி அவனோடு வெளியில் நின்றுகொண்டா. நாங்கள் வெளியே வரும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று என் போனையும் வாங்கிக்கொண்டா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கடலிலும் களப்பிலும் இருட்டுக்குள் தொழில் செய்து பழகியவன் நான். இது துணியும் தகரமும்தானே என்றுதான் நினைத்தேன். உள்ளே பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. எங்கேயோ ஒரு பெண் அழுகிற மாதிரி ஒலிபெருக்கியில் சத்தம். வழி வளைந்து வளைந்து போனது. ஒரு மூலையில் எலும்புக்கூடு ஆடியது. மகளின் விரல்கள் என் கையை இறுக்கின. ஆனால் வாய் திறக்கவில்லை. 'பரவாயில்லையே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சவப்பெட்டியைத் தாண்டும்போது, மேலே இருந்து முடி விரித்த ஒரு தலை தடாரென்று என் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்தது.

கத்தினது நான்தான். ஊரே கேட்கும்படி கத்தினேன். இரண்டு கையாலும் முகத்தை மூடினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றுபோனது. பச்சை வெளிச்சம் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. முன்னால் பின்னால் போன சனம் எல்லாம் கூக்குரல் போடத் தொடங்கிவிட்டது.

மகளின் கை என் கையில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "அருள் நிறைந்த மரியே" என்று வாய் தானாகச் சொல்ல, இரண்டு கையாலும் துழாவினேன். நல்ல காலம், சுவர்ப் பக்கமாக ஒரு கை வந்து என் தோளைத் தொட்டது. மெல்லிய கை, குளிர்ந்துபோயிருந்தது. எட்டிப் பிடித்தேன்.

"பயப்பிடாதை பிள்ளை, அப்பா விடமாட்டன்."

அந்தக் கை இழுத்தது. நானும் இழுத்தேன். பயத்தில் திமிறுகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். என்னவோ சொன்னது மாதிரியும் இருந்தது, சனம் போட்ட சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. துணிகளைத் தள்ளிக்கொண்டு, ஆட்களை இடித்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சக் கீற்றைப் பார்த்து ஓடி, வெளியே வந்து விழுந்தேன்.

பொழுது முழுதாகப் படவில்லை. மனைவி போனைப் பிடித்தபடி நின்றா. அவவின் முகம் மாறியது.

"இஞ்சருங்கோ, பிள்ளை எங்க?"

திரும்பிப் பார்த்தேன். என் கையில் இருந்தது வெள்ளைச் சீலை, இடுப்பு வரை விரித்த பொய்முடி, கோரைப் பல் வைத்த முகமூடி. அது மூச்சு வாங்கிக்கொண்டு முகமூடியை மேலே தூக்கியது. உள்ளே வியர்த்துக் களைத்த ஒரு பெண்.

"அண்ணை, நான் உங்கட பிள்ளை இல்லை. நான் இஞ்ச பேயா வேலை செய்யிறனான். தயவுசெய்து கையை விடுங்கோ."

சுற்றி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. துணிக்குப் பின்னால் நின்று வருகிறவர்களின் தோளைத் தொடுவதுதான் அந்தத் தங்கச்சியின் வேலையாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேயைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டு, பெற்ற பிள்ளையை உள்ளே விட்டு வந்திருக்கிறேன்.

வெளியே வருகிற வழியாலேயே திரும்ப உள்ளே ஓடினேன். பேய் என் பின்னால் ஓடி வந்தது.

"நில்லுங்கோ அண்ணை, உங்களுக்குப் பாதை தெரியாது. இதில மூண்டு வளைவு இருக்கு. என்ர கையைப் பிடியுங்கோ. மெல்லமாப் பிடியுங்கோ."

சனம் எல்லாம் வெளியேறி, உள்ளே இப்போது அமைதி. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

டொக், டொக், டொக்.

பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும் மூன்று தட்டு.

"ஐயோ, இது எங்கட சத்தமில்லை" என்றது பேய். அது என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது.

எனக்கோ அது நன்றாகத் தெரிந்த சத்தம். தை, மாசியில் களப்பைப் பனி மூடிவிட்டால் பக்கத்துத் தோணி கண்ணுக்குத் தெரியாது. அப்போது தேடி ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, தோணிப் பலகையில் மூன்று தரம் தட்டிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். மற்றவன் அந்தச் சத்தத்துக்கு வந்து சேருவான். நாங்கள் வழிவழியாகச் செய்வது இதுதான். சாப்பிடும்போது கதையோடு கதையாக இதை வீட்டில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

பக்கத்தில் இருந்த பலகையில் நான் மூன்று தட்டுத் தட்டினேன். உடனே பதில் வந்தது. தட்டினேன், நடந்தேன், தட்டினேன். சவப்பெட்டியின் பக்கத்தில் என் கை அவள் தலையில் பட்டது. அந்தச் சவப்பெட்டியின் மூடியில்தான் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எங்கயப்பா போனனீங்கள்? நான் நிண்ட இடத்திலதானே நிக்கிறன்."

"பிள்ளைக்குப் பயமில்லையோ?" என்று பேய் கேட்டது.

"சரியான பயம். ஆனா கத்தேல்லை" என்றாள் மகள். கொஞ்சம் பொறுத்து, "கத்தினது அப்பாதான்."

வெளியே வந்தபோது மனைவி அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா. "பிள்ளையை விட்டிட்டுப் பேயைக் கூட்டிக்கொண்டு வாற மனிசனை இண்டைக்குத்தான் கண்டன்." அந்த வீடியோ இன்னும் எங்கள் போனில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் காட்டுகிறா.

பேய்த் தங்கச்சிக்கும் சேர்த்து ஐஸ்கிறீம் வாங்கினோம். சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவசரமாகச் சாப்பிட்டா. மன்னிப்புக் கேட்டேன். "நாலு வருசமா ஆக்களைப் பயப்பிடுத்திறன் அண்ணை. என்னைப் பயப்பிடுத்தினது நீங்களும் உங்கட மகளும்தான்" என்று சிரித்தா. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. முகமூடியை இறக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினா.

மகள் இன்னொரு தரம் போகவேண்டும் என்றாள். போனோம். அதே வளைவில் கறுப்புத் துணிக்குள்ளிருந்து அந்தக் கை நீண்டு வந்தது. மகள் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நடந்தாள். நான் இந்த முறை அவளை விடவேயில்லை.

தை மாதம் பிறந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை அவள் தோணியின் முன்பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தாள். நடுக் களப்பில் பனி வந்து மூடியது. நான் துடுப்பை நிறுத்துவதற்கு முன்பே அவள் பலகையில் மூன்று தரம் தட்டிவிட்டுக் காது கொடுத்தாள். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து பக்கத்துத் தோணியின் பதில் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், இருட்டில் ஓடிப்போன அப்பாவை ஒரு பிள்ளை நின்ற இடத்தில் நின்றே கூப்பிட்டு எடுத்த அந்தப் பின்னேரம்தான் எனக்கு நினைவு வருகிறது.