ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குழி

மகளுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நிற்கிறேன். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வருகிறது. சின்ன வயதில் தினமும் முகர்ந்த அதே நாற்றம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தமானில், வண்டூர் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அம்மா துப்புரவு வேலை பார்த்தாள். குளுக்கோஸ் பாட்டில், டியூப், ஊசி எல்லாவற்றையும் பின்பக்கக் குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவாள். கடல்காற்று அந்தப் புகையை நேராக எங்கள் வீட்டுக்குள் தள்ளும். சோறுகூட நாறும்.

ஒரு மதியம் தம்பிக்கு மூச்சு அடைத்து உதடு நீலமானது. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவனைப் படுக்கவைத்த கட்டிலுக்கும் ஜன்னல் வழியே அதே புகை வந்தது.

“கிட்கி பந்த் கரோ! கோன் ஜலாயா ரே?” ஜன்னலை மூடச் சொல்லி, யார் கொளுத்தியது என்று நர்ஸ் இந்தியில் கத்தினாள்.

வாசலில் அம்மா நின்றாள். கையில் தீப்பெட்டி. “நான்தான் தீதி” என்று நர்ஸிடம் சொன்னவள், ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் கொட்டினாள்.

தம்பி பிழைத்தான். மறுநாள் அம்மா மறுபடியும் கொளுத்தினாள்.

“கொளுத்தலன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்கடி. நீ தம்பியக் கூட்டிட்டுத் தூரமாப் போ.”

தினமும் கடற்கரையில் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய் தீர்க்கும் இடமே ஊருக்கு நோயைக் கொடுக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, இங்கேயும் இன்னுமா?

மகளை வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போகிறேன். திட்டத்தான் போகிறேன். எரியும் குழியருகே ஒரு பெண், கையில் தீப்பெட்டியோடு மிரண்டு பார்க்கிறாள்.

“சொன்னதத்தான் செய்யறேன், மேடம்.”

“தெரியும். சொன்னவங்க கிட்ட நான் பேசுறேன். வாளி எங்க?”