வெளித் திரையில் மட்டும் தெரிந்தவர்

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது வெயில் இருக்கும்போதே தொடங்கியது. என் அத்தானின் லேப்டாப் ரிப்பேர் கடையில், ஃபேன் காற்றுக்கு நேராக, நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்குப் பின்னால்.

கடையில் நாங்கள் இரண்டே பேர். அத்தான் முதலாளி. அக்கா புருஷன் என்பதால் சம்பளத்தில் பிடித்தம், திட்டில் தாராளம். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி.

அன்று நாலு பத்துக்கு ஒருவர் வந்தார். கையில் இருந்த பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது டிசைனர் மேடத்தின் பை. வீட்டு உள் அலங்காரம் வரைந்து தருகிறவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். பெற்ற பிள்ளையைக்கூட யாரிடமாவது விடுவார், அந்த லேப்டாப்பை விடமாட்டார். ரிப்பேர் முடிகிற வரை பக்கத்திலேயே நிற்பார். எங்கள் கடைத் தூசி அவருக்கு ஆகாது. பையின் ஓரத்திலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "உங்க அத்தான் கடையைப் பெருக்கினா நான் பத்து வருஷம் கூட இருப்பேன்டி" என்பார்.

வந்தவர் அவருடைய கணவர்.

"அப்டேட் போட்டதுலேர்ந்து திரை விட்டு விட்டு வருது. ஃபேன் கத்திக்கிட்டே இருக்கு. சரி பண்ணிக் குடுங்க. விக்கணும்."

"விக்கணுமா? மேடத்துக்குத் தெரியுமா?" என்றேன். என் வாய் அப்படி.

"அவதான் விக்கச் சொன்னா. அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

அத்தான் என்னை முறைத்தார். நான் பையைத் திறந்தேன். சார்ஜரோடு சேர்ந்து ஏதோ வந்து மேஜையில் விழுந்தது. இன்ஹேலர்.

"இது இல்லாம எப்படிப் போனாங்க?"

"அவகிட்ட இன்னொண்ணு இருக்கு."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்ஹேலரை கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அத்தான் சொன்னதற்கு, முடிகிற வரை இருப்பேன் என்று சொல்லி அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உட்காரும் முன் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். எங்கள் பெரிய மானிட்டருக்கு முதுகு காட்டி.

தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி லேப்டாப்பில் படம் வரைய இரண்டு கார்டு உண்டு. சின்னது சாதாரண வேலைக்கு, பெரியது கனமான வேலைக்கு. தேவைக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாற வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு மாறாமல் பெரியதிலேயே மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். இந்த மாடலில் இன்னொரு சங்கதி. லேப்டாப்பின் சொந்தத் திரைக்குப் படம் சின்ன கார்டு வழியாகப் போகும். வெளியே மாட்டும் மானிட்டருக்குப் படமும் சத்தமும் பெரிய கார்டிலிருந்து நேராகப் போகும். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கார்டு தகராறு பண்ணுகிறது என்று தெரிந்துவிடும்.

கேபிளை மாட்டினேன். மானிட்டருக்கு உயிர் வந்தது.

டொக்... டொக்... டொக்.

மானிட்டரின் ஸ்பீக்கரிலிருந்து. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"என்ன சத்தம் அது?" என்றார் அத்தான்.

"கார்டோட டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும்."

பழைய டிரைவரைத் திரும்பப் போட்டேன். ரீஸ்டார்ட். சத்தம் போகவில்லை. முழுசாக அழித்துப் புதிதாகப் போட்டேன். போகவில்லை. பெஞ்சில் இருந்தவர் தலையைத் திருப்பவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தோம். குடித்தார்.

அஞ்சேகாலுக்குக் கேமராவைத் திறந்தேன். கார்டு மாறும்போது படம் நடுங்குகிறதா என்று பார்க்க நான் எப்போதும் செய்வது. இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்படி வைத்தேன்.

லேப்டாப் திரையில் நான். எனக்குப் பின்னால் காலி முக்காலி, கடை வாசல்.

மானிட்டரிலும் நான். முக்காலி. வாசல்.

வாசலில் ஒரு ஆள்.

யாரோ வாடிக்கையாளர் என்று திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை.

மறுபடி மானிட்டரைப் பார்த்தேன். நின்றிருந்தார். பெண். முடி கலைந்திருந்தது. கையை முஷ்டியாக்கி, முன்னால் இல்லாத எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

டொக்... டொக்... டொக்.

கையும் சத்தமும் ஒன்றாக வந்தன.

"அத்தான்... கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் காதோரம் குனிந்து மெல்லச் சொன்னார். "அந்த மேடம்தானே? ஒட்டுப் படம்டி. அவங்க மெஷின், அவங்க படம் மெமரியில ஒட்டிக்கிட்டு நிக்குது."

ஒட்டுப் படம் என்பது எங்கள் கடைப் பேச்சு. எப்போதோ வந்த படம் கார்டின் மெமரியை விட்டுப் போகாமல் புதுப் படத்தின் மேல் நிற்கும். ஒரு திரையில் மட்டும் தெரிந்தால் அது ஒட்டுப் படம், கண்ணை நம்பாதே, கார்டைப் பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அத்தான் சொல்லிக் கொடுத்தது.

"ஒட்டுப் படம் அசையுமா அத்தான்?"

"அப்டேட் போட்டா பூனைகூட நாயா தெரியும். ரீஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன்.

மறுபடி கேமரா. அவர் வாசலில் இல்லை. முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார். முக்காலியின் ஒரு காலை அவர் புடவை மறைத்தது. எப்போதோ எடுத்த படம் எங்கள் முக்காலியை எப்படி மறைக்கும்?

இப்போது முகம் தெரிந்தது. மேடம்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

சத்தம் தேய்ந்திருந்தது. டொக்... டொக்... அப்புறம் வெகுநேரம் கழித்து... டொக்.

போனை எடுத்து மேடத்தின் எண்ணை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பெஞ்சைப் பார்த்துக் கேட்டேன். "சார், மேடம் அம்மா வீட்டு நம்பர் குடுங்களேன். பாஸ்வேர்டு ஒண்ணு கேக்கணும்."

"பாஸ்வேர்டு எனக்கே தெரியும்." திரும்பாமலே சொன்னார். "பெரிய கார்டை அணைச்சுட்டா போதும். சின்னதுல ஓடட்டும்."

"அதான் நானும் சொல்றேன்" என்றார் அத்தான். "அணைச்சுடுடி. நாள் முழுக்க இதையே கட்டிக்கிட்டு அழுவியா?"

மணி ஆறு பதினெட்டு. திரையின் மூலையில் பார்த்தேன்.

மானிட்டரில் அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தட்டுவதை நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் வேறு சத்தம். காற்றை இழுக்கிற சத்தம். ஹீ... ஹீ... நாய்க்குட்டி முனகுகிற மாதிரி.

கை உயர்ந்தது.

என் தோளைத் தாண்டி வந்தது.

விரல்கள் விரிந்தன.

லேப்டாப் திரையில் நான் மட்டும். மானிட்டரில் என் கழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் கை.

"ஐயோ!"

பெரிய கார்டின் பெயர் மேல் கர்சரை வைத்தேன். முடக்கு. நிச்சயமா என்று கேட்டது.

ஆம்.

மானிட்டர் கறுத்தது.

சத்தம் நின்றது.

மணி ஆறு இருபது.

தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி உயிர் வராதபடி, மெஷின் எழும்போதே வருகிற பயாஸ் செட்டிங்கிலும் அந்தக் கார்டை அணைத்துவிட்டேன். திரை அசையாமல் நின்றது. ஃபேன் அடங்கியது. பெஞ்சில் இருந்தவர் எழுந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி, கறுத்துக் கிடந்த மானிட்டரை நின்று நிதானமாகப் பார்த்தார். அதில் எதைப் பார்த்தோம் என்று நானோ அத்தானோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"போயிட்டாளா?" என்றார்.

அத்தான் அப்போது கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்கவே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். மேடத்தின் கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு அவர் இங்கே இருந்தாரா என்று கேட்டார்கள். அத்தானுக்குச் சாட்சி சொல்வதென்றால் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி.

"நாலு மணியிலேர்ந்து ஆறரை வரைக்கும் எங்க கண்ணு முன்னாடியேதான் சார் இருந்தாரு. பாவம், தங்கமான மனுஷன்."

மேடம் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் கிடந்தாராம். ஜன்னல் இல்லை, அட்டைப் பெட்டியும் தூசியும்தான். இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம். மூச்சுத் திணறல். விபத்து என்று முடிக்கப்போகிறார்கள்.

அப்படியென்றால் கணவர் கடைக்கு வரும் முன்பே இறந்துபோனவரைத்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். பயத்திலும் அது ஒரு ஆறுதலாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"காலையிலேயே போயிட்டாங்களா சார்?"

"இல்லம்மா. சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க. பக்கத்து வீட்டம்மா தட்டுற சத்தம் கேட்டிருக்காங்க. மூணு மூணா. யாரோ ஆணி அடிக்கிறாங்கன்னு விட்டுட்டாங்க. ஆறு மணி செய்தி முடியற நேரத்துல நின்னுடுச்சாம்."

"செய்தி எப்போ முடியும்?"

"ஆறு இருபதுக்கு."

அவர்கள் வீடு எங்கள் கடைக்குப் பின் தெருவில். நடந்தால் ஐந்து நிமிஷம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மானிட்டர், கை, அவர் கேட்ட கேள்வி. இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெரியவர் அத்தானைப் பார்த்தார். அத்தான், "சின்னப் பொண்ணு சார், பேய்க் கதை கேட்டு வளர்ந்தவ" என்றார். இன்ஹேலரையும் காட்டினேன். அதைப் பையில் திருப்பி வைக்க அன்றைக்கு மறந்திருந்தேன். பெரியவர் கையில் வாங்கிப் பார்த்தார். "அவங்ககிட்ட இன்னொண்ணு இருந்துச்சுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காரும்மா. எங்கேயோ விழுந்திருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இன்ஹேலரை அன்றைக்கு இருந்த இடத்திலேயே வைத்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில்.

பிறகு என் தோளுக்கு மேலாக, பின்னாலிருந்து ஒருவர் கை நீட்டினால் எதுவரை வரும் என்று பார்த்தேன்.

என் கழுத்து வழியில்தான் இருந்தது. கை அதைத் தாண்டி நேராக இன்ஹேலருக்குப் போயிருக்கும்.