சீறாத சிலிண்டர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பில் கப்பலில் வந்திறங்கிய சமையல் காஸ் நாடெங்கும் வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. வானொலியைத் திறந்தால் புகையில்லாத குசினியின் பெருமைதான். திருகோணமலைக்குப் பக்கத்துத் தம்பலகாமத்தார் சிலர் காஸுக்கு மாறியது பெருமைக்காக அல்ல. சண்டைக் காலத்தில் விறகுக்குக் காட்டுக்குள் போனவர்கள் பிணமாகக்கூடத் திரும்பவில்லை. அந்தக் கேட்டினால்தான் பாக்கியரத்தினத்துக்கும் வேலை கிடைத்தது. உழவு மெஷின் ஓட்டியவன். வயல்கள் தரிசாகிப் போக, திருகோணமலை ஸெய்னுதீன் முதலாளியின் சிலிண்டர் லொறிக்குச் சாரதியானான்.

வெறும் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் இறக்கி, வால்வைத் திறந்து காட்ட வேண்டும். சீறினால் காஸ். சீறாவிட்டால் உள்ளே குண்டு மருந்து என்று சந்தேகம். அதில் என்ன நியாயம் என்று துவக்குப் பிடித்தவனிடம் யார் போய்க் கேட்பது?

ஆகையால் வீட்டுக்கு வீடு வாய் ஓயாமல் சொல்வான். "அக்கா, முழுக்க எரிச்சுப் போடாதேங்கோ. ஒருநேரச் சமையலுக்குக் காணுறதை மிச்சம் விடுங்கோ. அதுதான் என்ர பாஸ்."

ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் திறந்து காது வைத்துக் கேட்பான். வேலையில் சேர்ந்து நாலு வருடமாகியும் ஒரு பிழை வரவில்லை.

அன்று காலை மனைவி குணேஸ்வரி, "இஞ்சாருங்கோ, எங்கட சிலிண்டரையும் மாத்திக்கொண்டு வாங்கோ" என்றாள். மூன்று நாளாக இளைய மகளுக்குக் காய்ச்சல். மல்லி அவிப்பதும் வெந்நீர் வைப்பதுமாக அடுப்பு அணையவே இல்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மடையன், தன் வீட்டில் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று காது வைக்காமலே ஏற்றினான்.

முதல் சாவடியிலேயே ஏழாவது சிலிண்டர் சீறவில்லை. கைப்பிடியில் குணேஸ்வரியின் பழைய சேலைத்துண்டு.

"இது யார் வீட்டுச் சிலிண்டர்?" என்றான் ஆமிக்காரன்.

தன் வீடு என்றால் அங்கேயும் போவார்கள். அங்கே அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும்.

"தெரியேல்ல ஐயா. எங்க ஏத்தினனான் எண்டு ஞாபகமில்லை."

அடித்தார்கள். அப்போதும் அதையேதான் சொன்னான்.

மறுநாள் மத்தியானம், அடைத்து வைத்திருந்த அறைக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "அது எங்கட வீட்டுச் சிலிண்டர் ஐயா. பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் முழுக்க எரிச்சுப் போட்டன். அவரை விடுங்கோ."

பாவி, வாயை மூடிக்கொண்டு போ என்று உள்ளே அவன் பதறினான். கத்த ஏலாது. கத்தினால் அவளையும் பிடிப்பார்கள்.

"சொந்த வீட்டுச் சிலிண்டரை இவன் ஏன் தெரியாது என்றான்?" என்று கேட்டார் அதிகாரி. அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

பின்னேரம் அவனைத் தெற்கே கொண்டுபோனார்கள். அடுத்த கிழமை ஸெய்னுதீன் முதலாளி போய்க் கையெழுத்து வைத்துச் சிலிண்டரை மீட்டு வந்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறுஞ் சிலிண்டர்தான் என்று எழுதிய சீட்டும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிக் குணேஸ்வரி ஏறாத ஆமி முகாம் இல்லை.