நான் மாற்றிச் சொன்ன பாட்டு

அந்த கேசட்டின் அட்டையில் நீண்ட சடைமுடியோடு ஒருவர் கரும்புத் தோட்டத்தில் நின்றிருப்பார். ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டு. கப்பலில் வேலை பார்த்த நண்பர் என் தாய்மாமாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு மாமாதான் எல்லாம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மிராசுதார் வயலில் கூலி வேலை. விவசாயச் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள் என்பதால், அவர் வீடு திரும்பும்வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த அறுவடையில் மிராசுதார் கூலியை உயர்த்த மறுத்து, வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வயலில் போய் மறிப்பதா, வேண்டாமா என்று எங்கள் தெருவில் ஒருமித்த முடிவு இல்லை. கேசட் பெட்டிக்குள் மடித்திருந்த பாட்டுத் தாளை மாமா என்னிடம் நீட்டினார். "படிச்சு வை பாப்பா. கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லணும்."

ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷும் பழைய அகராதியும் போதுமானதாக இருந்தன. உழுதவனே தலை குனியாதே, உன் மண்ணில் எழுந்து நில், துப்பாக்கி வந்தாலும் நகராதே. எனக்குத் துப்பாக்கி என்ற சொல் மட்டும்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் மாலை கூட்டத்தில் டேப் ரெக்கார்டர் ஓடியது. சற்றுத் தள்ளித் தள்ளி விழுந்த தாளத்துக்குத் தலைகள் ஆடின. "சடைச்சாமியார் என்ன சொல்றாரு டீச்சரம்மா?" என்று ஒருவர் சீண்டினார்.

"பொறுமையா இருங்க, கடவுள் வந்து நியாயம் செய்வாருன்னு பாடுறாரு" என்றேன்.

"அவரு வர்றதுக்குள்ள நெல்லெல்லாம் கொட்டிடுமே" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் என்னையே பார்த்தார்.

விடிந்ததும் பாதிப் பேர்தான் வயலுக்குப் போனார்கள். மாமா போனார். மிராசுதாரின் ஆட்கள் அடித்ததில் அவருடைய வலது கை முறிந்தது. எல்லோரும் போயிருந்தால் அடிக்கத் துணிந்திருப்பார்களா? அல்லது இன்னும் பலர் விழுந்திருப்பார்களா? இன்றுவரை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில், "நான் மாத்திச் சொல்லிட்டேன் மாமா" என்று அழுதேன்.

"தெரியும். கடவுளுக்குக் காத்திருக்கிறவன் குரல் அப்படியா இருக்கும்?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ நடுங்கிக்கிட்டு நின்ன. அத்தன பேர் முன்னாடி உன்னப் பொய்க்காரியாக்கச் சொல்றியா?"

அந்தக் கை பிறகு அரிவாள் பிடிக்கவில்லை. சென்ற ஆண்டு மாமா இறந்தார்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. தெருவில் ஊர்வலம் வந்தாலே கதவைச் சாத்திவிடுகிற அம்மா நான். நேற்றும் கோஷம் கேட்டு ஓடிப்போய்ச் சாத்தினேன். "ஏம்மா கத்துறாங்க?" என்றாள். விளையாடுறாங்க என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "கூலி கேக்குறாங்கம்மா, அவங்க உழைச்ச கூலி" என்றேன். "நாமளும் போய்ப் பாப்பமா?" என்றாள். சொன்னது சரிதானா என்று அதற்குள் பயம் வந்துவிட்டது. என் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.