டீமனுக்குப் பெயர் மாற்றியவர்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே லேபிள் அடிக்கும் இடத்தில் ஓர் அக்கா இருந்தார். தொப்பிக்குள் அடங்காத சுருட்டை முடி, தூரத்திலேயே கேட்கும் சிரிப்பு. இயந்திரத்தைத் தொடும் முன் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஒருநாள் காலை லைன் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். ‘பிரிண்டர் டீமன் நின்றுவிட்டது, எழுப்பவா?’ என்று திரை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொத்தானை அமுக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் கத்தினார்.

“போறேன் சார். டீமன்னா பேய்தானே? பேயை எழுப்புற வேலை எனக்கு வாணாம்,” என்றார் அக்கா.

“பேய் இல்லக்கா,” என்றேன். “கண்ணுக்குத் தெரியாம ஓயாம வேலை செய்ற ஒரு குட்டி பூதத்தை விஞ்ஞானி ஒருத்தர் கற்பனை பண்ணாரு. அந்த நெனப்புல கம்ப்யூட்டர்காரங்க வெச்ச பேரு. பின்னாடி நின்னு நமக்கு உதவி பண்ணும், அவ்ளோதான்.”

அக்கா யோசித்தார்.

“கண்ணுக்குத் தெரியாது, கூடவே நின்னு உதவி பண்ணும். அப்போ அது காவல் சம்மனசு தம்பி! பேரு வெச்சவனுக்கு இன்னா தெரியும்?”

வானதூதரை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினார். லேபிள் வந்தது. சூப்பர்வைசரே சிரித்துவிட்டார்.

அக்கா இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நேற்று, புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பெண் போன் செய்தாள்.

“சார், சம்மனசு நின்னுபோச்சு.”

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“அதோட பேரு அதானே சார்?” என்றாள்.